இரைப்பைப் புற்றுநோய்க் குருத்தணுக்களின் வளர்சிதை மாற்றம்: படிப்படியான முழு வழிகாட்டி

இரைப்பைப் புற்றுக்கட்டியில் உள்ள செல்கள் அனைத்தும் ஒரே திறன் கொண்டவை அல்ல. பெரும்பாலானவை சில முறை பிரிந்து ஓய்ந்துவிடுகின்றன. ஒரு சிறு பங்கு மட்டும் தன்னைப் போன்ற செல்லையும் தன்னிலிருந்து வேறுபட்ட செல்லையும் உண்டாக்கி, கீமோதெரபிக்குப் பின்னரும் கட்டியை மீண்டும் எழுப்பும் ஆற்றலைத் தக்கவைத்துக்கொள்கிறது. அந்தச் சிறு பங்கையே புற்றுநோய்க் குருத்தணுக்கள் அல்லது புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறோம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.6 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புவது இந்த இறப்புகளில் பெரும்பங்கு வகிப்பதால், திரும்பவைக்கும் செல்கள் எதை உண்டு எப்படி உயிர்பிழைக்கின்றன என்பதை அறிவது முக்கியமான பணியாகிறது.

இந்த வழிகாட்டி, இத்துறையில் காலடி வைக்கும் ஆய்வு மாணவர்களையும், ஆய்வுக் கட்டுரைகளைத் தாமே எடைபோட விரும்பும் மருத்துவர்களையும் எண்ணி எழுதப்பட்டது. பலரும் 'இந்தச் செல்கள் சர்க்கரையை நம்புகின்றனவா, மைட்டோகாண்ட்ரியாவை நம்புகின்றனவா' என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். இரைப்பையைப் பொறுத்தவரை அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது, இவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து எவ்வாறு தப்புகின்றன என்பதே என்று நான் கருதுகிறேன். இவ்வுறுப்பில் மிக வலுவான சான்றுகள் அங்கேதான் திரண்டிருக்கின்றன. கீழே உள்ள படிகளை அந்த முடிவை நோக்கியே அடுக்கியிருக்கிறேன்.

முதல் படி: எந்தச் செல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள்

புற்றுநோய்க் குருத்தணு என்ற கருத்துக்கு முதல் உறுதியான சோதனைச் சான்று இரத்தப் புற்றுநோயிலிருந்து வந்தது. கனடாவின் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் 1994இலும் 1997இலும் வெளியிட்ட ஆய்வுகள், நோயாளியின் இரத்தப் புற்றுச் செல்களில் குறிப்பிட்ட ஒரு சிறு பிரிவு மட்டுமே எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளில் நோயை உருவாக்குகிறது என்று காட்டின. 2003இல் மார்பகப் புற்றுநோயிலும், 2009இல் இரைப்பைப் புற்றுநோயிலும் இதையொத்த முடிவுகள் வெளியாயின. இரைப்பையில் அப்போது அடையாளமாகக் கொள்ளப்பட்ட புரதம் சிடி44. அடுத்த ஆண்டே, எலி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் எல்ஜிஆர்5 என்னும் புரதத்தைத் தாங்கிய இயல்பான குருத்தணுக்கள் இருப்பது காட்டப்பட்டது.

அடையாளப் புரதம் வேறு, குருத்தணுத் தன்மை வேறு. சிடி44 வெள்ளணுக்களிலும் நார்த்திசுச் செல்களிலும் நிறையவே உண்டு. ஆகவே ஒரு செல் அதைத் தாங்கியிருப்பதாலேயே குருத்தணு ஆகிவிடாது. செல்களைப் படிப்படியாக எண்ணிக்கையில் குறைத்து எலிக்குள் செலுத்தி, எத்தனை செல்களுக்கு ஒன்று கட்டியை உண்டாக்குகிறது என்று கணித்து, பிறகு அந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இரண்டாவது எலியிலும் அதைச் செய்கின்றனவா என்று பார்ப்பதே ஏற்கத்தக்க சோதனை. கிண்ணத்தில் உருண்டைத் திரள்களாக வளர்ந்தன என்ற செய்தி மட்டும் போதாது. மேலும் குருத்தணுத் தன்மை பெரும்பாலும் ஒரு நிலையே. நிலையான இனம் அன்று. சாதாரணப் புற்றுச் செல்லும் சூழல் மாறினால் அந்நிலைக்குத் திரும்பலாம், வளர்சிதை மாற்றமும் அதோடு மாறும்.

இரண்டாம் படி: செல்லின் பிறப்பிடத்தையும் அது வளர்ந்த ஊடகத்தையும் சரிபாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியைக் கடந்து சென்றுவிடுகின்றன. இரைப்பைப் புற்றுநோய் ஆய்வில் நீண்ட காலம் பயன்பட்ட எஸ்ஜிசி-7901, பிஜிசி-823, எம்ஜிசி-803 ஆகிய செல் வரிசைகள் உண்மையில் இரைப்பைச் செல்களே அல்ல, கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களின் கலப்பு என்பது டிஎன்ஏ அடையாளச் சோதனையால் உறுதியாகிவிட்டது. எம்கேஎன்28 என்று விற்கப்பட்டது எம்கேஎன்74இன் வழித்தோன்றல். குருத்தணு வளர்சிதை மாற்றம் குறித்த கட்டுரைகளில் கணிசமானவை இந்த வரிசைகளை வைத்தே எழுதப்பட்டவை என்பதால், ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும் முடிவுரைக்குப் போகாமல் முதலில் செய்முறைப் பகுதியைத் திறந்து, எந்த வரிசை பயன்பட்டது, டிஎன்ஏ அடையாளம் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். நோயாளியின் திசுவிலிருந்து நேரடியாக வளர்த்த நுண்ணுறுப்புகள், அதாவது ஆர்கனாய்டுகள், இந்தக் குழப்பத்திலிருந்து பெருமளவு விடுபட்டவை.

அடுத்து ஊடகம். இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் இருக்கும். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் உயர் குளுக்கோஸ் டிஎம்ஈஎம் ஊடகத்தில் அது 25 மில்லிமோல். ஆர்பிஎம்ஐ 1640இல் ஏறத்தாழ 11. ஐந்து மடங்கு சர்க்கரையில் மிதக்கும் செல் சர்க்கரையை விரும்பி உண்கிறது என்று கண்டறிவதில் வியப்பில்லை. ஆக்சிஜனும் அப்படியே: ஆய்வகக் காற்றில் 21 விழுக்காடு, கட்டியின் உட்பகுதியில் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

உருண்டைத் திரள் வளர்ப்பில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இதற்குச் சீரம் இல்லாத ஊடகத்தில் வளர்ச்சிக் காரணிகளோடு பி27 என்னும் கலவையைச் சேர்ப்பது வழக்கம். அந்தக் கலவையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ, குளூட்டாதயோன், கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஆகியவை ஏற்கெனவே உள்ளன; இன்சுலினும் உண்டு. இப்படி வளர்த்த திரள்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று யாரேனும் எழுதினால், அது செல்லின் இயல்பா, ஊற்றிய கலவையின் வேலையா என்று கேட்க வேண்டும். ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நீக்கப்பட்ட பி27 வகையும் கிடைக்கிறது. ஒப்பீட்டுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: ஆற்றல் கணக்கைப் போடுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில், புற்றுத் திசு ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது என்று அளந்து காட்டினார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு பிளப்பு (கிளைக்காலிசிஸ்) நிலையோடு நின்றால் நிகரமாகக் கிடைப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியா வரை சென்று முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 30 முதல் 32 வரை கிடைக்கும். இந்த இழப்பை வார்பர்க் மைட்டோகாண்ட்ரியாவின் பழுதாக விளக்கினார். அந்த விளக்கம் பெரும்பாலான புற்றுநோய்களுக்குப் பொருந்தவில்லை. மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. வேகமாகப் பிரியும் செல்லுக்கு ஏடிபியைப் போலவே கட்டுமானப் பொருளும் தேவை. குளுக்கோஸின் கார்பனைப் பாதியிலேயே திருப்பிவிட்டு நியூக்ளியோடைடு, அமினோ அமிலம், கொழுப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவது அதற்கு உகந்த வழியாகிறது.

குருத்தணுக்களுக்கு வரும்போது படம் ஒரே வண்ணத்தில் இல்லை. கணையப் புற்றுநோயிலும் சில இரத்தப் புற்றுநோய்களிலும் அவை மைட்டோகாண்ட்ரியா சுவாசத்தைச் சார்ந்திருப்பது வலுவாகக் காட்டப்பட்டிருக்கிறது. இரைப்பையிலோ இரு வகை முடிவுகளும் உள்ளன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹிஃப்-1 என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் குளுக்கோஸ் கடத்திகளையும் பிளப்பு நொதிகளையும் தூண்டி, பிளப்பின் விளைபொருளான பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆக்சிஜன் கிடைக்கும் விளிம்பில் மெதுவாகப் பிரியும் செல் சுவாசத்தை நம்பி வாழ முடியும். என் மதிப்பீட்டில் இவை ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகள் அல்ல. உறங்கும் நிலையும் பிரியும் நிலையும் வெவ்வேறு எரிபொருளைக் கேட்கின்றன, ஆய்வாளர்கள் அவற்றை ஒரே பெயரால் அழைத்துவிடுகிறார்கள்.

கட்டியின் திசு வகையும் இதில் பங்கு வகிக்கிறது. 1965இல் நோயியலாளர் லாரன் வகுத்த குடல் வகை, பரவல் வகை என்ற பிரிவினை இன்றும் நோயியல் அறிக்கைகளில் இடம்பெறுகிறது. பரவல் வகையில் அடங்கும் முத்திரை மோதிரச் செல் புற்றுநோய், குளுக்கோஸ் உறிஞ்சலை அளக்கும் பெட் ஸ்கேனில் பல நேரங்களில் மங்கலாகவே தெரிகிறது. குளுக்கோஸ் கடத்தி குறைவாக இருப்பதும் சளி நிறைந்திருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சர்க்கரைப் பசியை எல்லா இரைப்பைப் புற்றுக்கும் பொதுவிதியாக்க முடியாது என்பதற்கு மருத்துவமனையிலேயே காணக் கிடைக்கும் சான்று இது.

நான்காம் படி: சிடி44வி, சிஸ்டின், குளூட்டாதயோன் என்ற சங்கிலியைப் புரிந்துகொள்ளுங்கள்

சிடி44 மரபணுவிலிருந்து ஒரே புரதம் வருவதில்லை. ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தைப் பொறுத்து, குட்டையான பொது வடிவமும், கூடுதல் துண்டுகள் சேர்ந்த மாற்று வடிவங்களும் உருவாகின்றன. இம்மாற்று வடிவங்களைச் சிடி44வி என்கிறோம். உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்களில் இயங்கும் ஈஎஸ்ஆர்பி1 என்னும் புரதம் மாற்று வடிவத்தை உருவாக்க உதவுகிறது.

ஜப்பானில் ஹிடெயுகி சாயா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை எனலாம். செல் சவ்வில் எக்ஸ்சிடி என்னும் கடத்தி இருக்கிறது. அது ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ளி, ஒரு சிஸ்டினை உள்ளே இழுக்கிறது. சிடி44வி இந்தக் கடத்தியோடு இணைந்து அதைச் சவ்வில் நிலைநிறுத்துகிறது. உள்ளே வந்த சிஸ்டின் இரண்டு சிஸ்டீன்களாகப் பிரிகிறது. சிஸ்டீன், குளூட்டமேட், கிளைசீன் ஆகிய மூன்றும் சேர்ந்து குளூட்டாதயோன் ஆகிறது. இம்மூன்றில் பொதுவாகத் தட்டுப்பாடு சிஸ்டீனுக்கே என்பதால், கடத்தியின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு குளூட்டாதயோன் செல்லில் சேரும். அது வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகளோடு நேரடியாகப் பிணைந்து அவற்றின் வீரியத்தையும் குறைக்கிறது.

அந்த ஆய்வில், இரைப்பையில் தானாகக் கட்டி வளரும்படி மரபணு மாற்றம் செய்த எலிகளில் சிடி44ஐ நீக்கியபோது கட்டி வளர்ச்சி குன்றியது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் தூண்டப்படும் பி38 என்னும் சமிக்ஞைப் புரதம் விழித்தெழுந்து, செல் பிரிவை நிறுத்தும் வழியைத் திறந்தது. அடையாளக் கொடியாக மட்டும் கருதப்பட்ட புரதம் வளர்சிதை மாற்றத்தையே நடத்துகிறது என்பது இதனால் தெளிவானது. சிடி44 பற்றிய ஆய்வுகள் பலவற்றுள் இதை நான் முதலில் படிக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஆற்றல் கணக்கும் பாதுகாப்புக் கணக்கும் சந்திக்கின்றன. சிஸ்டினைச் சிஸ்டீனாகப் பிரிக்கவும், பயன்பட்ட குளூட்டாதயோனை மீட்கவும் எலக்ட்ரான்களை வழங்கும் என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறு தேவை. அதன் முதன்மை ஊற்றுகளில் ஒன்று, குளுக்கோஸ் பிளப்பிலிருந்து கிளைபிரியும் பென்டோஸ் பாஸ்பேட் வழி. எனவே குருத்தணு குளுக்கோஸை அதிகம் இழுப்பதைக் கண்டால், அது ஏடிபிக்காக என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்; பாதுகாப்புக்காகவும் இருக்கலாம். சிடி44, பைருவேட் கைனேஸ் எம்2 என்னும் நொதியோடு தொடர்புகொண்டு பிளப்பின் இறுதிக் கட்டத்தை மெதுவாக்குகிறது என்றும், சிடி44ஐ நீக்கினால் பென்டோஸ் வழியின் ஓட்டமும் குளூட்டாதயோனும் குறைகின்றன என்றும் 2012இல் காட்டப்பட்டது. வடிகால் வாயைச் சற்று அடைத்தால் மேலுள்ள கிளை வாய்க்காலில் நீர் ஏறுவது போன்றது இது.

ஐந்தாம் படி: நோயின் தொடக்கத்தில் கிருமி என்ன செய்கிறது என்று பாருங்கள்

இரைப்பையில் வாழும் பாக்டீரியமான ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கண்டறிந்ததற்காகப் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முன்பே, 1994இல், அக்கிருமி முதல் வகைப் புற்றூக்கியாக, அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியான ஒன்றாக, அறிவிக்கப்பட்டிருந்தது. கிருமி செல்லுக்குள் செலுத்தும் காக்ஏ என்னும் புரதம், சாதாரணச் செல்லில் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் உயர்ந்ததும் செல் தன் உட்பொருள்களைத் தானே செரிக்கும் தன்னுறிஞ்சல் (ஆட்டோஃபேஜி) முறையால் அதைச் செரித்துவிடுகிறது. சிடி44வியின் ஒரு வகையான சிடி44வி9 தாங்கிய செல்களிலோ குளூட்டாதயோன் மிகுதியால் அந்த அழுத்தமே எழுவதில்லை. செரிமானம் தூண்டப்படாமல் காக்ஏ உள்ளே தங்கிவிடுகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நான்காம் படியில் கண்ட கவசம், சிகிச்சைக்கு எதிராக மட்டுமல்லாமல் நோய் உருவாகும்போதே செல்லுக்குத் தீங்காக முடிகிறது.

இரைப்பைச் சுரப்பியில் காயம் ஏற்படும்போது, முதிர்ந்த செல்கள் முதலில் எம்டார்சி1 என்னும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டை அணைத்துத் தம் உறுப்புகளைத் தாமே செரித்து, பிறகு கருநிலைக்குரிய மரபணுக்களை இயக்கி, இறுதியில் எம்டார்சி1ஐ மீண்டும் எழுப்பிப் பிரியத் தொடங்குகின்றன. இந்த இடைநிலைச் செல்களிலும் சிடி44வி தோன்றுகிறது. ஆறாத அழற்சியில் இச்சுழற்சி ஓயாமல் நடப்பது புற்றுக்கு வழி திறக்கலாம்.

ஆறாம் படி: கொழுப்பைக் கணக்கில் சேருங்கள்

16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் முழுமையாக எரிந்தால் நிகரமாக ஏறத்தாழ 106 ஏடிபி கிடைக்கும். இரைப்பைப் புற்று வயிற்றறைக்குள் பரவும்போது அடிக்கடி சென்றடையும் இடம் குடலுக்கு முன் தொங்கும் கொழுப்பு நிறைந்த மடிப்பான ஓமெண்டம் என்பதை நினைத்தால், இந்த எரிபொருளின் பொருத்தம் விளங்கும். கட்டியைச் சூழ்ந்த மீசன்கைமல் குருத்தணுக்கள் (இணைப்புத் திசு வகையைச் சேர்ந்த, புற்றுநோய் அல்லாத குருத்தணுக்கள்) சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம், எம்ஏசிசி1-ஏஎஸ்1 என்னும் நீண்ட ஆர்என்ஏவைத் தூண்டி, புற்றுச் செல்லில் கொழுப்பு எரிப்பை உயர்த்தி, குருத்தணுத் தன்மையையும் மருந்து எதிர்ப்பையும் கூட்டுகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இத்தகைய ஆய்வுகளில் கொழுப்பு எரிப்பைத் தடுக்கப் பயன்படும் எட்டோமோக்சிர், செறிவு மிகுந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியிலுள்ள முதல் கூட்டமைப்பையும் (காம்ப்ளெக்ஸ் 1) தடுக்கும்; ஆகவே செறிவைப் பார்க்காமல் முடிவை ஏற்க வேண்டாம்.

கொழுப்பு பலவீனமும் ஆகும். சவ்விலுள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இரும்பின் துணையோடு ஆக்சிஜனேற்றம் பெற்றுச் செல்லைக் கொல்லும் முறைக்கு 2012இல் ஃபெரொப்டோசிஸ் என்று பெயரிடப்பட்டது. குளூட்டாதயோனைப் பயன்படுத்தும் ஜிபிஎக்ஸ்4 நொதியே இதற்கு முதன்மைத் தடை. எபிதீலியத் தன்மையை இழந்து இடம்பெயரும் மீசன்கைமல் தன்மை பெற்ற இரைப்பைப் புற்றுச் செல்களில், அத்தகைய கொழுப்பு அமிலங்களை உருவாக்கும் ஈஎல்ஓவிஎல்5, எஃப்ஏடிஎஸ்1 ஆகிய நொதிகள் மிகுந்து, இந்த மரணத்துக்கு அவை எளிதில் ஆளாகின்றன என்று 2020இல் காட்டப்பட்டது.

இதையும் நான்காம் படியையும் சேர்த்துப் படியுங்கள். எபிதீலியத் தன்மை மாறாத குருத்தணு சிடி44வி வழியாகச் சிஸ்டினை இழுத்துத் தன்னைக் காக்கிறது. மீசன்கைமல் நிலைக்குச் சென்ற செல்லில் ஈஎஸ்ஆர்பி1 குறைந்து, சிடி44இன் பொது வடிவம் மேலோங்கி, அக்கவசம் மெலிகிறது. சவ்வோ எரியக்கூடிய கொழுப்பால் நிறைகிறது. குருத்தணு என்ற ஒரே பெயருக்குக் கீழ் இரண்டு நிலைகளும் அவற்றுக்கெனத் தனித்தனியான பலவீனங்களும் இருக்கின்றன. எந்த நிலையைச் சோதித்தோம் என்று சொல்லாத ஆய்வு பாதி ஆய்வே.

ஏழாம் படி: அளவீட்டின் பொறிகளை அறிந்துகொள்ளுங்கள்

செல்லுக்குள் உள்ள பல வளர்சிதைப் பொருள்கள் நொடிக் கணக்கில் மாறுபவை. ஓட்டச் செல் பிரிப்பானில் செல்களைப் பிரித்தெடுக்கவோ மணிக்கணக்கு ஆகலாம். அதற்குள் அவை பட்டினியும் அதிர்ச்சியும் கண்டுவிடுகின்றன. ஆகவே பிரித்தெடுத்த பின் அளந்த மொத்த அளவுகளை விட, கார்பன்-13 குறியிட்ட குளுக்கோஸையோ குளூட்டமைனையோ முன்கூட்டியே கொடுத்து, அந்தக் கார்பன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பின்தொடரும் முறையே நம்பத்தக்கது. ஆறு கார்பன்களும் குறியிடப்பட்ட குளுக்கோஸிலிருந்து வரும் லாக்டேட்டில் மூன்று கார்பன்கள் குறியோடு இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் அசிட்டைல் கோஏ வழியே உருவான சிட்ரேட்டில் முதல் சுற்றில் இரண்டு இருக்கும்.

ஆக்சிஜன் நுகர்வையும் ஊடகம் அமிலமாவதையும் அளக்கும் சீஹார்ஸ் கருவி பயனுள்ளது. ஆனால் அமிலம் லாக்டிக் அமிலத்தால் மட்டுமே வருவதில்லை. சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடும் ஊடகத்தை அமிலமாக்கும். அந்தப் பங்கைக் கழிக்காவிட்டால், சுவாசம் மிகுந்த செல்லைக்கூடப் பிளப்பு மிகுந்த செல்லாக எண்ணிவிட நேரும். அளவுகளை டிஎன்ஏ அளவோடு ஒப்பிட்டுச் சீர்படுத்துவதும் தேவை, ஏனெனில் திரள்களில் செல் எண்ணிக்கை ஒரே மாதிரி அமைவதில்லை.

சாயங்கள் இன்னும் நுட்பமான பொறி. குருத்தணுக்கள் பலவற்றின் சவ்வில் ஏபிசிஜி2 போன்ற மருந்து வெளியேற்றும் பம்புகள் மிகுதி. மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டும் சாயங்கள் சிலவற்றையும் இப்பம்புகள் வெளியேற்றிவிடுகின்றன. சாயம் மங்கலாகத் தெரிந்தால் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்று எழுதிவிடாமல், அந்தப் பம்புக்கு ஏற்ற தடுப்பானைச் சேர்த்து மீண்டும் அளந்தார்களா என்று பாருங்கள்.

எட்டாம் படி: சிகிச்சைக் கூற்றுகளை எடைபோடுங்கள்

பெருங்குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் சல்ஃபசலாசின், எக்ஸ்சிடி கடத்தியையும் தடுக்கிறது. முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனை ஜப்பானில் நடந்து, 2017இல் முடிவுகள் வெளியாயின. சில நோயாளிகளின் திசுவில் சிடி44வி தாங்கிய செல்கள் குறைந்தன. பசியின்மை, குமட்டல் போன்ற தொல்லைகள் மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தின. அந்தச் சோதனை பாதுகாப்பான அளவைத் தேடியதே தவிர, நோய் குணமாகிறதா என்பதைச் சோதிக்கவில்லை. சிகிச்சையில் உள்ளவர்கள் இம்மருந்தைத் தாமாக எடுத்துக்கொள்ள இதில் எந்த ஆதாரமும் இல்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது; அவை யாருடைய கவசத்தை வலுப்படுத்தும் என்பது மேலே கண்டவற்றிலிருந்து விளங்கும்.

நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின், ஆய்வகத்தில் இரைப்பைப் புற்றுக் குருத்தணுக்களின் திரள் உருவாக்கத்தைக் குறைத்தது. அங்கே பயன்பட்ட செறிவு பெரும்பாலும் மில்லிமோல் அளவு. நோயாளியின் இரத்தத்தில் எட்டுவது மைக்ரோமோல் அளவு. மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பை வலுவாகத் தடுக்கும் ஐஏசிஎஸ்-010759 என்னும் மருந்து, இரத்தப் புற்றுநோயிலும் திண்மக் கட்டிகளிலும் நடந்த முதற்கட்டச் சோதனைகளில் லாக்டிக் அமிலப் பெருக்கத்தையும் நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கியதால் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. 2023இல் அம்முடிவுகள் வெளியாயின. உடலின் ஒவ்வொரு செல்லும் சார்ந்திருக்கும் வழியை அடைப்பதற்கும், எக்ஸ்சிடி போன்று பெரும்பாலான இயல்பான செல்கள் குறைவாகச் சார்ந்திருக்கும் வழியை அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது.

எக்ஸ்சிடியை மட்டும் தடுத்தால் சிடி44வி இல்லாத செல்கள் அப்படியே இருக்கும், கட்டியின் அளவு ஸ்கேனில் உடனே சுருங்காது. ஆகவே இத்தகைய மருந்தைச் சிஸ்பிளாட்டின் போன்றவற்றோடு இணைத்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த திசுவில் சிடி44வி செல்களின் பங்கையும் குளூட்டாதயோன் அளவையும் ஒப்பிட்டு, நோய் திரும்பும் காலத்தை முதன்மை அளவுகோலாகக் கொள்ளும் சோதனைகளே இந்தக் கருத்தை உண்மையில் சோதிக்கும்.